பிறகு படிக்க

செய்திமடல்களைக் கீழிருந்து மேலாகப் படிப்பது என் வழக்கம். அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அறிவிப்புகள், நன்றி சொல்லும் வரிகள், “இதையும் பாருங்கள்” என்று ஒப்புக்குச் சேர்த்த பத்திகள் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் தலைப்புக் கட்டுரைக்கு வருவேன். பல சமயம் அதுவரை வருவதே இல்லை. பத்து வருடம் பழைய மடல்களைப் படிக்கிறவனுக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் வரும். புது மடல் படிக்கிறவர்களுக்கு இதற்கு அவசியமே இல்லை.

இவை என்னிடம் சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர் இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே முழங்கால் இடிக்கிற நாற்காலி. பக்கத்துத் தடுப்புகளில் பையன்கள் யாஹூ சாட்டில் உலகத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கண்ணில் பட்ட செய்திமடலுக்கெல்லாம் என் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். காசு வாங்காமல் ஒரு பத்திரிகை வீடு தேடி வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, தென்னக ரயில்வே கால அட்டவணையை அதிலுள்ள விளம்பரங்கள் உட்பட வரி விடாமல் படிக்கிறவர்.

அனு கார்கின் ‘தினம் ஒரு சொல்’ அப்படித்தான் வர ஆரம்பித்தது. உத்தரப் பிரதேசத்துக்காரர், 1994-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாணவராக இருந்தபோது தொடங்கியதை இன்னும் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். மரியா போபோவா 2006-இல் உடன் வேலை பார்த்த ஏழு பேருக்கு எழுதத் தொடங்கிய மடலும் ஒரு கட்டத்தில் சேர்ந்துகொண்டது. நாசா, அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், கதைப் போட்டி அறிவிப்புகள், எழுதிப் பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லித்தருகிறவர்கள் என்று வரிசை நீண்டது. ஹாட்மெயிலில் இரண்டு எம்பி, யாஹூவில் நாலு எம்பிதான் இடம் என்பதால் ஆரம்ப வருடங்களில் படித்ததும் அழித்துவிட வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலரும் நினைத்தார்கள். நண்பர் ஒருவர் அழைப்பு அனுப்பி நானும் உள்ளே போன பிறகு எதையும் அழிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ‘பிறகு படிக்க’ என்று ஒரு லேபிள் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிட்டேன். வீட்டுக்குப் பரண் எப்படியோ அப்படி ஆகிவிட்டது அது.

நான் வருடக்கணக்காகப் பத்தி எழுதிவந்த வார இதழ் கொரோனா காலத்தில் பக்கங்களைக் குறைத்தது, பிறகு நின்றே போனது. ஆசிரியர் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல்தான் என்னுடையதைவிட அதிகமாக உடைந்திருந்தது. அடுத்த வாரம் எதை எழுதுவது என்ற யோசனை ஒவ்வொரு செவ்வாயும் தன்பாட்டுக்கு வந்து நின்றது; எழுதினால் போட இடமில்லை. புதிய இதழ்களுக்கு எழுதிக் கேட்டால் “ஐடியா இருந்தா அனுப்புங்க சார்” என்பார்கள். அந்த ஐடியா என்பது எல்லோரும் அன்று காலை பார்த்த செய்தியிலிருந்து வந்ததாக இருந்தால் எனக்கு முன்னால் ஏழு பேர் அனுப்பியிருப்பார்கள். வேறு வழியில்லாமல்தான் ‘பிறகு படிக்க’வைத் திறந்தேன்.

முதலில் ஏமாற்றமே. வரப்போகிற போன்கள் வந்து போயே போய்விட்டன. ஆர்குட், கூகுள் ரீடர் பற்றியெல்லாம் யாரோ மிகுந்த உற்சாகத்தோடு எழுதியிருந்தார்கள். எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்ற மடல்களை மொத்தமாக அழித்தேன். அவற்றால் சம்பாதித்தவர்கள் அனுப்பியவர்கள் மட்டுமே என்பது என் அபிப்பிராயம். மிஞ்சியவை நிறுவனங்களின் மடல்கள். இவை நடை என்று ஒன்று இல்லாமல், துணை இயக்குநர் ஓய்வு பெற்றதையும் புது ஸ்கேனர் வாங்கியதையும் ஒரே குரலில் சொல்பவை. ஆனால் இவற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு வேலை தொடங்கியதைத் தவறாமல் அறிவிப்பார்கள். அது என்ன ஆயிற்று என்பதை அநேகமாகச் சொல்லவே மாட்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு கட்டுரை தாராளமாக உட்கார்ந்துகொள்ளும்.

2012 ஜூன் முதல் வாரத்தில் வானியல் ஆர்வலர்களுக்காக வந்த ஒரு மடலைச் சொல்ல வேண்டும். ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்த நிகழ்வு. நம் ஊரில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் கறுப்புப் பொட்டாக இருக்கும், பத்தரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், எக்ஸ்ரே பிலிம் கூடாது என்று மடல் முழுக்க எச்சரிக்கைகள், நேரங்கள், படங்கள். அத்தனையும் காலாவதி. அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில்தான் என்பதால் இதைவிட முழுமையாகக் காலாவதியாகிற செய்தி இருக்க முடியாது. அடியில் ஐந்து வரி ஒரு பத்தி. 1874-இல் நிகழ்ந்த கடப்புக்காக, மதராஸ் அப்சர்வேட்டரியில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் பொதுமக்களுக்கு விளக்கக் கையேடு எழுதினார், அதை இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார் என்றது அது. அவ்வளவுதான்.

பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரர்களின் தொலைநோக்கியில் கண் வைத்த மனிதர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் ஃபெல்லோ ஆனவர். 1880-இல் இறந்துவிட்டார். அப்சர்வேட்டரியின் தலைவரான போக்சனின் பெயர் வானியல் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் கணக்கு அவருடையது. அதே கூரையின் கீழ் இரவெல்லாம் விழித்திருந்த இவர் பெயரைக் கேள்விப்பட்ட தமிழர்கள் எத்தனை பேர்? என்னைக் கவர்ந்தது விண்மீன்கூட இல்லை. கண்ணால் பார்ப்பதும் பஞ்சாங்கம் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதால், வான நோக்குகளை வைத்துத் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் போட்டுத் தன் சாதி சனத்திடமே வாதாடியிருக்கிறார். ராகுவும் கேதுவும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கோள் நடந்து போகும் என்பதை உருதுவிலும் கன்னடத்திலும்கூட அச்சிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

மதராஸ் அப்சர்வேட்டரியின் வாரிசு பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அவர்களுடைய மின்களஞ்சியத்தில் பழைய ஏடுகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. சில வாரம் அதிலேயே குடியிருந்தேன். பிறகு சென்னைக்குப் போய், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்து வாசலில் நின்றேன். பழைய அப்சர்வேட்டரி இருந்த இடம் அதுதான். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன சார், மழை வருமான்னு கேக்க வந்தீங்களா? அதெல்லாம் டிவியிலயே சொல்லிடுவாங்களே” என்றார். ஒரு கல்லைப் பார்க்க வந்தேன் என்றதும் சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று. உள்ளே போன் போட்டு, அனுமதி வாங்கி, கூடவே வந்தார்.

அந்தக் கல் ஒரு கருங்கல் தூண். கீழே பருத்து மேலே சிறுத்துப் போகிறது. எடை பத்து டன் என்கிறார்கள். 1792-இல் அப்சர்வேட்டரி எழுந்தபோது தொலைநோக்கிக் கருவியைத் தாங்குவதற்காக நட்டது. கட்டடம் நடுங்கினாலும் கருவி நடுங்கக் கூடாது என்பதற்காக அத்தனை பாரம். லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என்று பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறது. வெயில் நேர்க்குத்தாக விழுந்ததால் எழுத்துக்கு நிழலே இல்லை. தமிழ் வாசகத்தை விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. காவலாளியும் குனிந்து எழுத்துக்கூட்டினார். “நான் இங்க வந்து எவ்வளவோ வருஷமாச்சு சார், இதுல தமிழ் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்” என்றார். ரகுநாதாச்சாரி பிறப்பதற்கு முன்பே நட்ட கல் என்பதால் அவர் பெயர் அதில் இருக்க நியாயமில்லை. வளாகத்தில் வேறு எங்கும் என் கண்ணில் படவுமில்லை.

கட்டுரையைப் பற்றிப் பேசியபோது ஓர் இதழின் உதவி ஆசிரியை கேட்டார்: “நல்லாருக்கு சார். ஆனா 1874-ஐ எதுக்கு இப்ப போடணும்? பெக் என்ன?”

“அந்தக் கடப்பு டிசம்பர் ஒன்பதாம் தேதி மேடம். வர்ற டிசம்பரோட நூத்தம்பது வருஷம்.”

ஒரு விநாடி அமைதி. “அப்ப நவம்பர் கடைசிக்குள்ள குடுத்துடுங்க. படம் நீங்க எடுத்ததுதானே?”

ஒரு கட்டுரையை இப்போது போடுவதற்கான சாக்குதான் பெக். அப்படி ஒன்றை நான் கற்றுக்கொண்டதே இந்த மடல்களில்தான். இன்றைய மடல் இன்றைய பெக்கைக் கொடுக்கும், அது ஊருக்கெல்லாம் பொது. பழைய மடலில் இருக்கும் தேதியோடு ஐம்பதையோ நூறையோ கூட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது வந்த மடலின் அடியில், தென்னிந்தியாவுக்கு அடுத்தது 2019 டிசம்பர் 26 என்று ஒரு வரி இருந்தது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்த கிரகணம் அது. 2031 மே 21-இல் இன்னொன்று வருகிறது, மதுரை வழியாக. அதற்கான கோப்பை இப்போதே திறந்து வைத்திருக்கிறேன். என் கட்டுரைகளுக்கு வேறு எந்த விஷயத்திலும் இத்தனை முன்யோசனை கிடையாது.

போட்டி அறிவிப்புகளை முதலில் கண்ணை மூடிக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தேதி போனபின் என்ன இருக்கிறது? ஒரே பெயர் வருடம் தவறாமல் அதே மாதத்தில் எட்டிப் பார்ப்பதைக் கவனித்ததும் கையை நிறுத்தினேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு வழக்கமாக செப்டம்பர் தொடங்கி நவம்பர் முதல் தேதிவரை கதை வாங்குகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கதையைத் தமிழிலேயே அனுப்பலாம் என்பது நம் எழுத்தாளர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. நியூ இந்தியா ஃபவுண்டேஷன் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளிலிருந்து அபுனைவு நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது. எல்லாவற்றையும் ஒரு டைரியில் மாதவாரியாக எழுதிவைத்தேன். தீபாவளி மலர்க்காரர்கள் ஆடியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பதும் அதே டைரியில்தான் இருக்கிறது. இதில் பெரிதாக எதையும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் அறிவிப்பு வந்தபிறகு அவசரமாக எதையாவது எழுதுகிற நிலை போய், எழுதி ஆறப்போட்ட கதை கையில் இருக்கும்போது அறிவிப்பு வருகிறது.

இன்னொரு மடலில் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பற்றிய செய்தி. அழிந்துகொண்டிருக்கும் ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எண்மமாக்கும் வேலை. அந்த ஆய்வின் முடிவுகள் ஆய்வாளர்களுக்கு. நான் வேறொன்றை நினைத்தேன்: அவர்கள் போகாத ஸ்டுடியோ ஒன்று எங்கள் பக்கத்தில் மிச்சமிருக்காதா?

டெல்டா ஊர் ஒன்றில், கடைத்தெரு மாடியில் இருந்தது. இப்போது கீழே பாஸ்போர்ட் சைஸ் படமும் ஜெராக்ஸும்தான் பிழைப்பு. பெரியவருக்கு எண்பதை நெருங்கும். மாடிக் கதவைத் திறந்தபோது எலிப்புழுக்கை வாசனைக்கு நடுவே பின்னணித் திரை தெரிந்தது: மாளிகைப் படிக்கட்டு, ஜாடி, தூரத்தில் ஓர் ஏரி, அதில் அன்னம். ஏரியின் ஓரத்தில் வண்ணம் உரிந்து கோணித்துணி தெரிந்தது. கண்ணாடி நெகட்டிவ்கள் எங்கே என்றேன்.

“அதெல்லாம் ஃப்ரேம் போடப் போயிடுச்சு தம்பி. சோடாக் கார வெந்நீர்ல போட்டுச் சொரண்டினா மேல இருக்கிறது வந்துடும், கண்ணாடி பளிச்சுன்னு ஆயிடும். கண்ணாடி வித்த விலையில இன்னொரு கண்ணாடி வாங்கவா முடியும் அப்ப? சாமி படத்துக்குப் போட்டுக் குடுத்துடுவோம்.”

தப்பியது ஒரே ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஒரு தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கல்யாணக் கோலத்தில் ஒரு பெண், நெகட்டிவ் ஆனதால் கூந்தல் வெளுத்து முகம் கறுத்து இருந்தாள். தகட்டைச் சாய்த்துக் காட்டினார். கன்னத்தில் மயிரிழைக் கோடுகளாகப் பென்சில் அடித்திருந்தது. அம்மைத் தழும்பை மறைக்க டச் செய்தது. கூராகச் சீவிய பென்சில், நெகட்டிவைச் சாய்த்து வைக்கிற மேஜை, கீழே வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி. ராத்திரியில்தான் அந்த வேலை. “இந்தப் பொண்ணுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பற படம் இல்லையா?” என்றார். அப்படியானால் இது கல்யாணத்துக்கு முன்பே எடுத்த படமா என்று கேட்டேன். அட்டிகையும் ஒட்டியாணமும் ஸ்டுடியோவுடையது என்று சிரித்தார்.

அந்தக் கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்கள் அளவுக்கு என் வேறு எதற்கும் வந்ததில்லை. எல்லோர் வீட்டிலும் அந்தப் படிக்கட்டுத் திரை இருந்திருக்கிறது. சாமி படங்களின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாத் தேடலும் இப்படிக் கனியவில்லை. பழைய மடல்களின் சுட்டிகளைத் தொட்டால் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம்தான். சிலதை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் மீட்டெடுக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு அதுவும் இல்லை. தனிமனிதர்கள் பத்துப் பேருக்கும் ஐம்பது பேருக்கும் எழுதிய சிறு மடல்களின் நிலைமைதான் பரிதாபம். அப்படிப்பட்டவர்களுக்கென்றே இருந்த டைனிலெட்டர் சேவை 2024 பிப்ரவரி 29-ஓடு மூடப்பட்டது. இணையத்தில் எங்கும் இல்லாமல், பெற்றவர்களின் இன்பாக்ஸில் மட்டும் மிஞ்சியிருக்கும் கடிதங்கள் உலகத்தில் எத்தனை இருக்குமோ.

அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. கனடாவில், ஸ்கார்பரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மாதம் ஒன்று வீதம் ஆங்கிலத்தில் எழுதிய மடல். கறிவேப்பிலைச் செடியைப் பனிக்காலத்தில் உயிரோடு வைத்திருப்பது பற்றிய கடிதத்தை அண்மையில்தான் முதல்முறை படித்தேன். அக்டோபரில் தொட்டியை உள்ளே தூக்கிவந்து, தெற்குப் பார்த்த ஜன்னலடியில் வைத்து, இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றபோதும் தண்ணீரை அதிகம் ஊற்றாமல் பொறுமையாக இருந்த கதை. குளிரில் செடி சாகவில்லை, தூங்குகிறது என்று அவருக்குச் சொன்னது சீனக் கடைக்காரர். இதைத் தமிழில் கொண்டுவந்தால் எந்த இதழும் போடும் என்று தோன்றியது. மடலுக்கே பதில் போட்டு அனுமதி கேட்டேன். திரும்பி வந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். மூன்றாம் நாள் போனே வந்தது.

“தம்பி, நீங்கள் இப்பதான் வாசிச்சனீங்களோ? நான் எழுதி எவ்வளவு காலம்!” சிரித்து முடித்துவிட்டுத் தயங்கினார். “உங்களிட்ட என்ர மற்றக் கடிதங்களும் கிடக்கோ? என்ர பழைய கம்ப்யூட்டரோட எல்லாம் போட்டுது. என்னட்ட ஒண்டும் இல்லை.”

லேபிளுக்குள் அவர் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த அத்தனையையும் அன்றிரவே அனுப்பினேன். பேரப்பிள்ளைகளுக்காக அவற்றைச் சிறு புத்தகமாக்கப் போவதாகவும், தமிழிலும் வர வேண்டும் என்றும், அதை நானே செய்துதர வேண்டும் என்றும் எழுதினார். கூலியும் அவரே சொன்னார், நான் கேட்டிருக்கக்கூடியதைவிட அதிகம். கறிவேப்பிலைக் கடிதம் இதற்குள் ஒரு மாத இதழில் வந்துவிட்டது. இப்போது வாரம் ஒன்று என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்; “நாங்கள் இப்பிடிச் சொல்லமாட்டம் தம்பி” என்று என் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொற்களை அடித்துத் திருத்தி அனுப்புகிறார்.

அவர் பட்டியலில் இரண்டு கடிதங்கள் என்னிடமும் இல்லை. ஒன்று பற்றி அவருக்கு எதுவுமே நினைவில்லை. இன்னொன்றை, சாவகச்சேரிச் சந்தையில் அம்மாவோடு மாம்பழம் வாங்கப் போனதைப் பற்றியது, மறுபடி எழுதிப் போன வாரம் அனுப்பினார். இம்முறை தமிழில். மேலே ஒரு குறிப்பு: “இதை நீங்கள் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பிழை மட்டும் பாருங்கோ.” பார்த்தேன். நாலைந்து ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கும் கூலி போட்டிருந்தார். அதைப் பற்றித்தான் இருவருக்கும் இன்னும் தீராத வழக்கு.